என் அலமாரிப் புத்தகங்கள்: ஃபேன்டஸி, அறிவியல் புனைகதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு அலமாரி நிறைய ஃபேன்டஸியும் அறிவியல் புனைகதையும் இருக்கின்றன. அக்கம்பக்கத்தார், நண்பர்கள், நண்பர்களின் பிள்ளைகள் என்று யாராவது வந்து எடுத்துப் போவார்கள். எடுக்கும்போதும் திருப்பித் தரும்போதும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். பதில்கள் முழுக்க என் சொந்த அபிப்பிராயம். பெரிய பெயர் என்பதற்காக எதையும் பாராட்டவில்லை. கதைப்போக்கு சில இடங்களில் வரும், முடிவு எங்கும் வராது.

இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுதானே?

இல்லை. உர்சுலா லெ குவின் எழுதிய 'டெஹானு' (1990) ஒரு ஃபேன்டஸி நாவல், டிராகன்கூட வருகிறது. ஆனால் அதில் நடப்பது என்ன? கணவனை இழந்த நடுவயதுப் பெண் ஒருத்தி, பெற்றவர்களே தீயில் தள்ளிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். ஒரு காலத்தில் உலகமே அஞ்சிய மந்திரவாதி, சக்தியெல்லாம் போய் அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார். வளர்ந்த மகன் ஊர் திரும்புகிறான், சாப்பிட்ட பாத்திரத்தை யார் எடுத்து வைப்பது என்று தாய்க்கும் மகனுக்கும் மனத்தாங்கல் வருகிறது. பத்து வயதில் இதைப் படித்தால் டிராகன் எப்போது வரும் என்றுதான் பக்கம் புரட்டுவோம். நாற்பது வயதில் அந்தப் பாத்திரச் சண்டை நெஞ்சில் தைக்கும்.

நமக்கும் இந்த மாதிரிக் கதைக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைக்காரன் சமாச்சாரம் இல்லையா?

சீவக சிந்தாமணியின் தொடக்கத்தைப் பாருங்கள். சச்சந்தன் என்ற அரசன், கட்டியங்காரனால் ஆபத்து வருவதை உணர்ந்து, கருவுற்ற மனைவி விசயைக்காக ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். பொறியை வலப்பக்கம் திருகினால் மயில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும். திருத்தக்கதேவர் இதோடு விட்டுவிடவில்லை. அரசி அதை ஓட்டிப் பழகினாள் என்பதையும் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். அந்த மயில் அவளை அரண்மனைக்குக் கொண்டுபோகவில்லை, சுடுகாட்டில் இறக்குகிறது. சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

எந்திரம் எப்படி இயங்கும் என்று சொல்லி, அதைப் பழகும் கையைக் காட்டி, அது கொண்டுபோய் விட்ட இடத்தின் துயரத்தையும் காட்டியவர் நம் ஆள். இந்த வகை எழுத்து நமக்கு அந்நியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு ஃபேன்டஸி நல்லதா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க?

அந்த உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறதா என்று பார்ப்பேன். மந்திரம் போட்டால் எங்கே எது குறைகிறது? படை நடந்தால் அதற்கு யார் சோறு போடுகிறார்கள்? நூறு ராஜ்ஜியங்களுக்கு வரைபடம் போட்டிருந்தாலும் இந்தக் கணக்கு இல்லை என்றால் எனக்கு அது தெருக்கூத்துத் திரைச்சீலை மாதிரிதான் தெரியும். கூத்தில் அந்தச் சீலை போதும், ஆட்டம் முன்னால் நடக்கிறது. நாவலில் நாம் சீலைக்குள்ளேயே போய் வாழ வேண்டியிருக்கிறது.

'டியூன்' நாவலில் ஒரு காட்சி. அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்துக்குப் புதிதாக ஆள வந்திருக்கும் பிரபுவைப் பார்க்க, அந்த மண்ணின் தலைவன் ஸ்டில்கார் வருகிறான். வந்தவன் பிரபுவின் மேசைமேல் துப்புகிறான். சுற்றி இருப்பவர்கள் கொதித்து எழுகிறார்கள். அந்த மக்களோடு பழகிய டங்கன் இடாஹோ மட்டும் அவர்களைத் தடுத்து, 'உன் உடம்பின் ஈரத்தைத் தந்தாயே, நன்றி' என்ற பொருளில் பேசி, தானும் துப்புகிறார். தண்ணீரே செல்வமான ஊரில் எச்சில் துப்புவது மரியாதை. மழையே இல்லாத உலகம் என்று பத்துப் பக்கம் வர்ணித்திருந்தாலும் இந்த ஒரு துப்பல் அளவுக்கு எனக்குத் தாகம் எடுத்திருக்காது.

முதன்முதலாப் படிக்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968). இருநூறு பக்கத்தைச் சுற்றித்தான் இருக்கும். தீவுகளால் ஆன உலகம். கோண்ட் என்ற தீவில் ஆடு மேய்க்கும் பையன் கெட் மந்திரம் கற்கிறான். அகங்காரத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்கிறான். அதிலிருந்து பிறந்த நிழல் அவனைத் துரத்துகிறது.

இதில் எனக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. கெட்டின் முதல் குரு ஓகியான் பெரிய மந்திரவாதி. மழை வந்தால் விலக்கிவிடத் தெரிந்தவர். ஆனால் இருவரும் காட்டு வழியே போகும்போது மழை கொட்டுகிறது, அவர் பேசாமல் மரத்தடியில் படுத்து நனைகிறார். சீடனுக்கு எரிச்சல். இத்தனை சக்தி இருந்தும் நனைவதற்கா குரு? பிறகு கல்விக்கூடத்தில் அவனுக்குச் சொல்லித்தருகிறார்கள்: இங்கே நீ வரவழைக்கும் மழை வேறு தீவில் வறட்சியாகலாம். முன்பு சொன்ன விலை இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் வெட்ச் கறுப்பு. கொள்ளையடிக்க வரும் கார்கு இனத்தார்தான் வெள்ளை. அட்டைப்படங்களில் பல வருடம் கெட்டை வெளுப்பாகவே வரைந்தார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அதே கதை. லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். நம் நிறத்தில் ஒரு மந்திரவாதி 1968லேயே இருந்திருக்கிறான் என்பது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

டோல்கீன் ரொம்ப மெதுவாப் போகுதே, நூறு பக்கத்துல விட்டுட்டேன்.

நானும் முதல் தடவை விட்டேன். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954–55) தொடக்கத்தில் விருந்து, பாட்டு, நடை, மறுபடி பாட்டு. டாம் பாம்படில் வரும் பகுதி இன்றும் எனக்கு நீளமாகத்தான் படுகிறது. கஷ்டமாக இருந்தால் பாட்டுகளைத் தாண்டிப் போங்கள், குற்றமில்லை. பிரீ என்ற ஊர்ச் சத்திரம் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோல்கீனைப் போர்க்கதை எழுதியவர் என்பார்கள். எனக்கு அவர் நடையையும் பசியையும் எழுதியவர். முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்த மனிதர் அவர். சாம் என்ற தோட்டக்காரன் தன் மூட்டையில் ஒரு சின்னப் பெட்டியில் உப்பு வைத்திருக்கிறான், வழியில் எங்காவது சமைக்க வாய்க்குமே என்று. எதிரியின் நிலத்துக்குப் பக்கத்தில் முயல் கிடைக்கிறது, இலை தழை போட்டு வேகவைக்கிறான். பல அத்தியாயம் கழித்து, இனி சுமக்கத் தெம்பில்லை என்ற நிலையில், அந்தச் சமையல் பாத்திரங்களை ஒரு பிளவுக்குள் எறிகிறான். அவை மோதி மோதி விழும் சத்தத்தில் அவனுக்கு உயிரே போகிறது. இனி சமைக்கப் போவதில்லை, திரும்பும் எண்ணம் போய்விட்டது என்று அந்தச் சத்தத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

குறையும் உண்டு. பெண்கள் மிகக் குறைவு. கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிற மனிதர்கள் எல்லாம் எதிரி பக்கமே நிற்கிறார்கள், அவர்களுக்கு முகமே இல்லை. தென்திசைக்காரனான நான் அதைக் கவனிக்காமல் படிக்க முடியவில்லை. அந்த முயல் சமைக்கும் அத்தியாயத்திலேயே, செத்து விழுந்த ஒரு தென்திசை வீரனைப் பார்த்து, இவன் பேர் என்ன, நிஜமாகவே கெட்டவனா, யார் பொய் சொல்லி இவனை இவ்வளவு தூரம் கூட்டிவந்தார்கள் என்று சாம் யோசிக்கிறான். அந்த ஒரு பத்தி அதிகமான அத்தியாயங்களுக்குப் பரவியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

டியூன் எத்தனை பாகம் வரைக்கும் படிக்கணும்?

இரண்டு. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் முதல் பாகம் 1965இல் வந்தது. இருபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் என்ற பதிப்பகம் போட்டது. அதோடு நிறுத்துகிறவர்கள் ஒரு வீரனின் வெற்றிக் கதையைப் படித்ததாக நினைத்துக்கொள்வார்கள். 'டியூன் மெசையா' (1969) படித்தால்தான் ஹெர்பர்ட் சொல்ல வந்தது புரியும். மீட்பர் என்று ஒருவரைத் தலையில் தூக்கி வைத்தால் எத்தனை கோடிப் பிணம் விழும் என்ற கணக்கு அதில்தான் வருகிறது. மூன்றாவது பாகம் சுமார். நான்காவதில் புழுவாக மாறிக்கொண்டிருக்கும் சக்கரவர்த்தி பக்கம் பக்கமாகப் பேசுகிறார். சிலருக்கு அது தத்துவம், எனக்குக் களைப்பு.

வில்லனான ஹார்கோனன் பிரபு ஆண்களை விரும்புகிறவன் என்பதையே அவன் கொடூரத்தின் அடையாளமாக்கியது அந்த நாவலின் அழுக்கு. நேசிக்கிற புத்தகம் என்பதால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அசிமோவ்?

மரியாதை உண்டு, காதல் இல்லை. 'ஃபவுண்டேஷன்' கதைகள் 1942இல் பத்திரிகையில் வரத் தொடங்கியபோது அவருக்கு 22 வயது. ஒரு பேரரசு விழப்போகிறது, பின்னால் முப்பதாயிரம் வருட இருட்டு வரும், அதை ஆயிரம் வருடமாகக் குறைக்கக் கணிதத்தால் முடியும். இப்படி ஒரு யோசனை அந்த வயதில் ஒருவருக்கு வந்தது என்பதே வியப்பு. ஆனால் ஆட்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், அடுத்த அறைக்குப் போய் மறுபடி பேசுகிறார்கள். முதல் புத்தகத்தில் பெண் என்று சொல்ல ஏறக்குறைய ஆளே இல்லை. இரண்டாவது புத்தகத்தில் மியூல் என்ற ஒருவன் வந்து அந்தக் கணிதத்தை உடைக்கும் இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆர்தர் சி. கிளார்க் இலங்கையில இருந்தாரே, அதைப் பத்தி ஏதாவது எழுதினாரா?

எழுதினார், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1956இல் இலங்கைக்குக் குடிவந்தவர் 2008இல் கொழும்பில் காலமானார். கடலில் மூழ்குவதில் பித்துப் பிடித்தவர். திருகோணமலைக் கடலடியில் கிடக்கும் கோணேசர் கோயில் இடிபாடுகளைப் பற்றி 1957இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

நாவல் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979). பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு மின்தூக்கி கட்ட விரும்பும் பொறியாளரின் கதை. அது நிலநடுக்கோட்டில்தான் நிற்க முடியும் என்பதால், கிளார்க் இலங்கையையே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி தாப்ரொபேன் என்று பெயர் வைத்தார். சிவனொளிபாத மலையும் சிகிரியாவும் வேறு பெயர்களில் வருகின்றன. மலையுச்சியில் மடம், மடத்தில் துறவிகள், அதே உச்சிதான் பொறியாளருக்கும் வேண்டும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, கிளார்க் யாரையும் முட்டாளாக்கவில்லை. அவருடைய மனிதர்கள் பொதுவாக வெளிறிப்போனவர்கள். இங்கே அந்த மலை அவர்களுக்கும் சேர்த்து உயிர் தருகிறது.

'ராண்டவூ வித் ராமா' (1973) படித்தீர்களானால் முதல் புத்தகத்தோடு நிறுத்துங்கள். பிறகு கூட்டாக எழுதப்பட்ட தொடர்ச்சிகள், அந்த அழகான புதிரைப் போட்டுப் பிசைந்துவிட்டன.

அறிவியல் தெரியாம இதெல்லாம் புரியுமா?

நல்ல எழுத்தாளர் கையில் புரியும். லியு சிக்சினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவலில், ஒரு கணினி விளையாட்டுக்குள் வரும் ஒரு இடம். சீனப் பேரரசரின் படை, மூன்று கோடி வீரர்கள், சமவெளியில் அணிவகுத்து நிற்கிறார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு கறுப்புக் கொடி, ஒரு வெள்ளைக் கொடி. மூவர் மூவராகப் பிரித்து, முன்னால் நிற்கும் இருவரும் கறுப்பைத் தூக்கினால் மட்டும் மூன்றாமவன் கறுப்பைத் தூக்க வேண்டும் என்று பழக்குகிறார்கள். இப்படி எளிய விதிகளைச் சேர்த்துச் சேர்த்து அந்தப் படையே ஒரு கணினியாகிவிடுகிறது. கணினி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கியது அந்தப் பக்கங்களில்தான்.

இது 2014இல் கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்து, 2015இல் இந்த வகை எழுத்துக்கான ஹ்யூகோ விருது பெற்றது. மாவோ காலத்துச் சீனக் கலாச்சாரப் புரட்சியில் ஒரு பேராசிரியரை மகள் கண்முன்னே அடித்துக் கொல்லும் காட்சியோடு ஆங்கிலப் பதிப்பு தொடங்குகிறது. சீனப் பதிப்பில் அதை நடுவில் தள்ளி வைத்திருந்தார்கள். முதலில் வைத்தால்தான் அந்த மகள் பிறகு செய்யும் காரியத்தின் கனம் தெரிகிறது. இரண்டாம் பாகத்தில் நாயகன் கற்பனையில் ஒரு 'பொருத்தமான பெண்ணை' உருவாக்கி, அதே மாதிரி ஒருத்தியை அரசாங்கமே தேடிக்கொண்டு வருகிறது. யோசனைகளில் இவ்வளவு தூரம் போகிறவர் பெண்களை எழுதும்போது ஏன் இப்படிச் சுருங்குகிறார் என்று வருத்தமாக இருக்கிறது.

முடியாத தொடரை ஆரம்பிக்கலாமா?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடர் 1996இல் தொடங்கியது. ஐந்தாம் பாகம் வந்தது 2011இல். ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறோம். இருந்தாலும் முதல் மூன்று பாகங்களைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். அரசியல் சூழ்ச்சியின் விலையை அந்த வகையில் அவரளவுக்கு யாரும் எழுதவில்லை. நான்கும் ஐந்தும் கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, மரம் எங்கே என்று தெரியவில்லை.

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' முடிந்துவிட்டது, 14 பாகம். ஜோர்டன் 2007இல் இறந்த பின், அவர் குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றை எழுதினார். ஏழிலிருந்து பத்து வரை இழுவை. நான் பத்தாவதில் நிறுத்தி ஒரு வருடம் தொடவில்லை. திரும்பிப் போனதற்கு வருத்தமில்லை.

தமிழ்ல?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'தான் என் வாசல். விகடனில் தொடராக வந்தது. எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி, ஜீவா என்ற ஒரே ஆட்சியாளர். நடுவில் ஜீனோ என்ற எந்திர நாய். அது புத்தகம் படித்துப் படித்து யோசிக்கக் கற்றுக்கொள்வது எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமான விஷயம். வாராவாரம் ஒரு திடுக்கிடல் வேண்டும் என்ற கட்டாயம் பின்பாதியில் தெரிகிறது. பல இடங்களில் நின்று பார்க்க நேரமில்லாமல் ஓடுகிறது. ஆனாலும் ஜீனோவுக்கு இணையான ஒரு பாத்திரம் இன்றுவரை தமிழ் அறிவியல் புனைகதையில் வரவில்லை என்பது என் எண்ணம். சிறுகதை வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பைப் பாருங்கள். எந்திரத்தைத் தேடிப் போகாமல் நம் பழைய அறிவுமரபுகளைக் கிளறுகிறது.

எனக்கு இந்த வகையே ஒத்துவராது. ஒரே ஒரு வாய்ப்பு தர்றேன்.

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979). 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டேனா, அடிமைமுறைக் கால மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள், மறுபடி மறுபடி. எப்படி என்று விளக்கமே கிடையாது. முதல் பக்கத்திலேயே அவள் ஒரு கையை இழந்துவிட்டாள் என்று தெரிந்துவிடும். அப்புறமும் கீழே வைக்க முடியாது.

இங்கிலீஷ்ல புதுப்புது வார்த்தையா வருது, தடுக்குது.

அகராதியை மூடி வையுங்கள். அந்த வார்த்தைகளில் பாதி எந்த அகராதியிலும் இருக்காது. அவை ஆங்கிலேயருக்கும் புதிதுதான், நீங்களும் அவர்களும் ஒரே வாசலில்தான் நிற்கிறீர்கள். ஐம்பது பக்கம் போனால் தானாக விளங்கும். விளங்கவில்லை என்றால் எழுதியவர்மேல்தான் தப்பு.

திரும்பத் திரும்பப் படிக்கிறது எது?

லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' (1969). கெத்தன் என்ற பனிக் கிரகம். அங்கே யாரும் நிரந்தரமாக ஆணோ பெண்ணோ அல்ல. மாதத்தில் சில நாள் மட்டும் உடல் ஏதோ ஒன்றாகிறது. எல்லாரையும் ஆண்பாலிலேயே சுட்டிவிட்டார் என்று இந்த நாவலுக்கு ஒரு பழைய விமர்சனம் உண்டு. லெ குவினே பிற்பாடு அதை ஒத்துக்கொண்டார். தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. 'அவர்' என்று சொன்னால் முடிந்தது. 'அவர் கருவுற்றிருந்தார்' என்று எழுதினால் அரசரா அரசியா என்று தெரியாமலே வாக்கியம் நிற்கும். இதைத் தமிழில் படிக்க வேண்டும் என்று எனக்குப் பேராசை.

பூமியிலிருந்து தூதராக வந்த ஜென்லி ஐ, நாடு கடத்தப்பட்ட எஸ்ட்ராவென் என்ற முன்னாள் அமைச்சரைத் துரோகி என்றே நினைத்துவந்தவர். அந்த எஸ்ட்ராவென்தான் அவரைச் சிறை முகாமிலிருந்து மீட்கிறார். தப்பிக்க ஒரே வழி பெரும்பனிப் பரப்பைக் கடப்பது. குளிர்காலத்தில், இருவர் மட்டும், ஒரு சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு, வாரக்கணக்கில் நடக்கிறார்கள். உணவை நாள்வாரியாக எடைபோட்டுப் பங்கிடுகிறார்கள்.

இரவில் கூடாரத்துக்குள் ஒரு சின்ன அடுப்பு. அதன் சூட்டை எவ்வளவு வைப்பது என்பதில் தகராறு. பனியிலேயே பிறந்த எஸ்ட்ராவெனுக்கு வெக்கை தாங்கவில்லை, பூமிக்காரருக்குக் குளிர் தாங்கவில்லை. கடைசியில் நடுவாக ஒரு அளவில் வைக்கிறார்கள். அந்த அளவில் ஒருவர் தன் படுக்கைப் பைக்கு வெளியே நடுங்குகிறார், மற்றவர் தன் பைக்குள் வியர்க்கிறார். எஸ்ட்ராவென் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவிட்டு, எவ்வளவு தூரத்திலிருந்து வந்து இந்தக் கூடாரத்தைப் பகிர்கிறோம், அதை நினைத்தால் நாங்கள் சமாளிப்பது பரவாயில்லை என்று சேர்க்கிறார். என் பிரதியில் அந்தப் பக்கத்தின் ஓரம் மடங்கி மடங்கிக் கிழிந்தேவிட்டது. அந்த ஒரு புத்தகத்தை மட்டும் நான் யாருக்கும் வெளியே கொடுப்பதில்லை. வேண்டுமென்றால் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள்.